பகுதி நான்கை மறவாதீர்: புதுமுக மாணவர்களுக்கு ஒரு சொற்பொழிவு

மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் அவர்களே, தாளாளர் அவர்களே, துறைத் தலைவர்களே, தம் வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, ஏற்காட்டிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் விடிகாலைப் பேருந்து பிடித்து வந்த பெற்றோர்களே, முதலாண்டில் அடியெடுத்து வைக்கும் செல்வங்களே, வணக்கம்.

பட்டப்படிப்பின் பகுதிகள், மதிப்பெண் கணக்கு, வருகைப் பதிவு என மூன்றைச் சொல்ல வந்தேன்.

பகுதிகள் ஐந்து. ஒன்று, தமிழ் அல்லது நீங்கள் எடுத்த வேறு மொழி. இரண்டு, ஆங்கிலம். மூன்று, முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும். நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, பிற துறை விருப்பப் பாடம். ஐந்து, நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி., விளையாட்டு. விருப்பப் பாடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அது சொந்தத் துறைப் பாடமாக இருக்கக் கூடாது. நண்பன் எடுத்தான் என்று எடுக்கவும் கூடாது. பகுதி ஒன்றில் வேறு மொழி எடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் அடிப்படைத் தமிழோ சிறப்புத் தமிழோ வரும். எது உங்களுக்கு என்பதைச் சேர்க்கையின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மதிப்பெண். முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்னும் வகுப்பு நிலை பொதுவாக முதல் மூன்று பகுதிகளைக் கொண்டே கணக்கிடப்படும். அதனால்தான் நான்காவதை அலட்சியம் செய்கிறார்கள். ஒரு வணிகவியல் மாணவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பதிவியலில் தொண்ணூறு. மூன்றாம் ஆண்டு முடியுமுன் வங்கித் தேர்வுக்கும் விண்ணப்பித்தாயிற்று. வாழப்பாடிப் பக்கத்து வீடு. தாத்தா ஊருக்கே இனிப்பு கொடுக்க ஆளைச் சொல்லிவிட்டார். அம்மா பட்டமளிப்பு நாளுக்குப் புதுச் சேலை எடுத்துவிட்டார். தேர்வு முடிவு வருகிறது. சுற்றுச்சூழல் கல்வியில் முதலாண்டு வைத்த அரியர் இன்னும் நிற்கிறது! வகுப்பு நிலைக்குச் சேராத பாடம்தான். ஆனால் அதில் தேறாமல் பட்டம் கிடையாது. அடுத்த தேர்வு வரை காத்திருக்க வேண்டும். ஏன் தேறவில்லை? களப்பணி அறிக்கையை யாரோ எழுதியதைப் பார்த்து எழுதியிருந்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, செல்வங்களே!

வருகைப் பதிவு எழுபத்தைந்து சதவீதம். விளக்கத்தைக் கையேட்டில் காண்க. எனக்கு இப்போது களப்பணியைப் பேச வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு முன்பு வகுத்த சுற்றுச்சூழல் பாடத்திட்டத்தில் 50 வகுப்புகளில் 5 வகுப்பு நேரம் களப்பணிக்கு இருந்தது. நூறு மதிப்பெண்ணில் 25 அதற்கு. ஆறு, குளம், மலைச்சரிவு, மாசுபட்ட இடம் என்று பார்க்கச் சொன்னது. சேர்வராயன் மலையில் பிறந்து நம் சேலத்துக்குள் ஓடும் திருமணிமுத்தாறு இருக்க, இணையத்தில் எங்கோ ஓடும் ஆற்றின் படத்தை வெட்டி ஒட்டுவானேன்? மீண்டும் சொல்கிறேன், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஊருக்கு மேலே ஓரிடம், ஊருக்குள் ஓரிடம், ஊருக்குக் கீழே ஓரிடம் எனத் தேர்ந்துகொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே நாளில் நீர் எடுங்கள். நாள் மாறினால், இடையில் மழை பெய்தால், ஒப்பிட முடியாது. கையுறை போட்டு, கயிறு கட்டிய வாளியால் மொள்ளுங்கள். நிறம், வாடை, நீரின் அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச். தாள் காட்டும் எண், கரையில் உள்ள செடி, பறவை ஆகியவற்றை அங்கேயே குறியுங்கள்; வீட்டில் வந்து நினைவிலிருந்து எழுதினால் அது கற்பனையாகிவிடும். மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவர்கள் வழுக்காமல் இறங்க, கரையில் ஓரிடத்திலாவது படிக்கட்டு கட்டித் தாருங்கள். பேராசிரியர்களே, களப்பணி நேரத்தை வேறு பாடத்துக்குத் தந்துவிடாமல் கால அட்டவணையில் இன்றே குறித்துவிடுங்கள்.