ரைஃபிளை எத்தனை மீட்டருக்கு ஜீரோ செய்வது? செம்பனைத் தோட்டத்துக்கு ஏற்ற கணக்கு

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். லைசென்ஸோடு ரைஃபிள் வைத்திருக்கிறவர்களும், கிளப்பில் புதிதாகச் சுடப் பழகும் தம்பிகளும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எத்தனை மீட்டருக்கு ஜீரோ வைக்கிறது?" ஜீரோ என்றால், ஒரு குறிப்பிட்ட தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே தோட்டா படும்படி ஸ்கோப்பை (துப்பாக்கி மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கியை) திருத்தி வைப்பது. அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு, 200 யார்டு (சுமார் 183 மீட்டர்) என்று முடிவே செய்துகொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்தக் கணக்கு அவர்களுடைய வெட்டவெளிக்குச் சரி. நம் செம்பனைக்குள் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாதே!

முதலில் சட்டம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே கூடாது. காற்றுத் துப்பாக்கிக்கும் இதே சட்டம்தான். நம் தோட்டப் பக்கம் லைசென்ஸ் உள்ளவர்களில் பெரும்பாலோர் கையில் ஷாட்கன்தான் (சிதறுகுண்டுத் துப்பாக்கி) இருக்கும், ரைஃபிள் சிலரிடம்தான். இந்த வீடியோ அந்தச் சிலருக்கும், கிளப்பில் சுடுகிறவர்களுக்கும்.

[திரையில்: ரைஃபிளின் பக்கவாட்டுப் படம். ஸ்கோப்பிலிருந்து நேர்கோடு, குழலிலிருந்து வளைகோடு.]

குழலை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்தே தோட்டா, குழல் காட்டும் நேர்கோட்டைவிட்டுக் கீழே இறங்கத் தொடங்கிவிடும். ஸ்கோப்போ குழலுக்கு மேலே ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. தூரத்துச் செடிக்குத் தண்ணீர் எட்டவேண்டும் என்றால் ரப்பர் குழாயின் முனையைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கிறோம் இல்லையா, அதேபோலத்தான் இங்கேயும். பார்வைக் கோட்டைவிடக் குழல் இம்மி அளவு மேல் நோக்கி இருக்கும். அதனால் தோட்டா கீழேயிருந்து ஏறிவந்து பார்வைக் கோட்டை ஒருமுறை வெட்டும், அப்புறம் வளைந்து இறங்கும்போது இன்னொரு முறை வெட்டும். இந்த இரண்டாவது இடத்தைத்தான் ஜீரோ தூரம் என்கிறோம். அங்கே குறியும் அடியும் ஒன்றாக இருக்கும். மற்ற தூரங்களில் கொஞ்சம் மேலே படும், இல்லையென்றால் கீழே படும்.

சரி, எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே? கிளப்பில் அதிகம் புழங்கும், சின்னத் தோட்டா போடும் .22 ரைஃபிளையே எடுத்துக்கொள்வோம்.

[திரையில்: 10, 25, 50, 75, 100 மீட்டர் குறித்த கோடு.]

50 மீட்டருக்கு ஜீரோ செய்தால், 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் போலக் கீழே படும். 25 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் போல மேலே. 75 மீட்டருக்குப் போனால் 7 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும், 100 மீட்டரில் ஏறக்குறைய 20. இப்போது அதே துப்பாக்கியை 100 மீட்டருக்கு ஜீரோ செய்து பாருங்கள். 50 மீட்டரில் தோட்டா சுமார் 10 சென்டிமீட்டர் மேலே பறக்கும். குறியே தப்பிவிடும். அதனால்தான் .22க்கு 50 மீட்டர் என்று அடித்துச் சொல்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், தோட்டத்தில் காட்டுப்பன்றியைச் சுட .22 ஆகாது. காயத்தோடு ஓடவிட்டால் அது பெரும் பாவம்.

.308 போன்ற பெரிய தோட்டா வேகமாகப் போகும், அதனால் கணக்கும் மாறும். 100 மீட்டருக்கு ஜீரோ செய்தால் 25 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர் கீழே, 50 மீட்டரில் கிட்டத்தட்ட நேராகவே படும். 200 மீட்டரில் 11, 12 சென்டிமீட்டர் இறங்கும். தோட்டத்தில் நமக்கு அந்தத் தூரமே வராது.

வராது என்று எப்படிச் சொல்கிறேன்? மரத்தை எண்ணித்தான்.

[காட்சி: செம்பனை வரிசை. மரத்தடியில் நின்று கேமரா நேராகப் பார்க்கிறது.]

செம்பனையை முக்கோண வாக்கில், பொதுவாக 9 மீட்டர் இடைவெளி விட்டு நடுவார்கள். ஒரு மரத்தடியில் நின்று அதே வரிசையில் எண்ணுங்கள். அடுத்த மரம் 9 மீட்டர், ஐந்தாவது மரம் 45, எட்டாவது மரம் 72. பாருங்கள், ஆறாவது மரத்துக்குள்ளேயே தொங்கும் மட்டையும், அடுக்கிப் போட்ட மட்டைக் குவியலும் பார்வையை மறைத்துவிடுகின்றன. மேட்டுப் பகுதியில் படி வெட்டி நட்டிருந்தால் இந்த 9 மீட்டர் மாறும், ஒருமுறை நாடா போட்டு அளந்துவிடுங்கள். லோரிப் பாதையில் மட்டும்தான் நீளமாகத் தெரியும். ஆனால் அந்தப் பாதையில்தான் குலை வெட்டுகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிளும் வரும், அந்தப் பக்கம் குழலைத் திருப்பவே கூடாது. சின்ன .22 தோட்டாவே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. லயம் (தொழிலாளர் குடியிருப்பு) எந்தப் பக்கம் என்று தெரியாமல் விசையில் விரல் வைக்காதீர்கள்.

ஜீரோ செய்கிற வேலையை அனுமதி பெற்ற சுடுதளத்தில்தான் செய்யவேண்டும், தோட்டத்தில் அல்ல. முதலில் 25 மீட்டரில் தாளில் படுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதோடு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. 25 மீட்டரில் அரை சென்டிமீட்டர் பிழை, 100 மீட்டரில் 2 சென்டிமீட்டர் ஆகிவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்த தூரத்திலேயே தாளை வைத்துச் சுட்டால்தான் அது ஜீரோ.

[காட்சி: 50 மீட்டர் தாள், அருகில். ஐந்து துளைகள்.]

மணல் மூட்டையில் ரைஃபிளைத் தாங்கவைத்து, நிதானமாக ஐந்து குண்டு சுடுங்கள். ஒரு குண்டைப் பார்த்து ஸ்கோப்பின் குமிழைத் திருகாதீர்கள். இந்தத் தாளில் ஐந்து துளைகளின் நடு, குறிக்கு 3 சென்டிமீட்டர் கீழே, 2 சென்டிமீட்டர் இடதுபக்கம் இருக்கிறது. பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரு கிளிக், அதாவது குமிழின் ஒரு சின்ன நகர்வு, படும் இடத்தை 100 மீட்டரில் சுமார் 7.2 மில்லிமீட்டர் நகர்த்தும். 50 மீட்டரில் அதில் பாதி, சுமார் 3.6. அப்படியானால் ஏறக்குறைய மேல் நோக்கி 8 கிளிக், வலப்பக்கம் 6 கிளிக். குழல் ஆறட்டும், மறுபடி ஐந்து குண்டு. நடு, குறியில் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது.

எந்தத் தோட்டாவில் ஜீரோ செய்தீர்களோ, அதன் பிராண்டையும் எடையையும் ஒரு தாளில் எழுதித் துப்பாக்கிப் பையில் வையுங்கள். தோட்டாப் பெட்டி மாறினால் படும் இடமும் மாறலாம். செம்மண் பாதையில் குலுங்கிப் போய்வந்த பிறகு, சுடுதளத்துக்குப் போகும்போது அந்தத் தூரத்தில் மூன்று குண்டு சுட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.