இதில் எது அசல்?

அனைவருக்கும் வணக்கம். இந்த மேசையில் இரண்டு படங்கள் இருக்கின்றன. இரண்டிலும் பென்சில் கையெழுத்து, 12/50 என்று எண், அதாவது ஐம்பது பிரதிகளில் பன்னிரண்டாவது. ஆனால் ஒன்றுதான் அச்சோவியம், அதாவது அச்சிடுவதற்கென்றே கலைஞர் தகட்டிலோ மரத்திலோ கல்லிலோ உருவாக்கிய படம். மற்றது ஓர் ஓவியத்தைப் படம்பிடித்து அடித்த நகல்.

இடது பக்கம் இருப்பது டிரைபாயிண்ட். செப்புத் தகட்டில் கூரான ஊசியால் நேரடியாகக் கீறுகிற முறை. உழும்போது சாலின் ஓரத்தில் மண் ஏறி நிற்குமே, அதுபோலக் கீறலின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும்பி நிற்கும். மையைத் தேய்த்துத் துணியால் துடைத்தாலும் அந்தப் பிசிறில் கொஞ்சம் தங்கிவிடும். மேலே ஈரத் தாளை வைத்து உருளைக்குள் விட்டால், கோடு வெல்வெட் போலக் கசிந்து வரும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிசிறு படிந்துகொண்டே போகும். சில டஜன் தாள்களுக்குள் அந்த மென்மை போய்விடும்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653இல் இதே முறையில் 'மூன்று சிலுவைகள்' தகட்டைச் செய்தார். சில ஆண்டுகள் கழித்து அதே தகட்டைச் சுரண்டி, பல உருவங்களை அழித்து, இருளைக் கோடு கோடாக மேலிருந்து இறக்கினார். முன்னதையும் பின்னதையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு படங்கள். எது அசல்? இரண்டும்தான்! பின்னால் வேறு ஓவியம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

மரச்செதுக்கில் மேடு மை ஏந்தும், அமிலத்தால் தகட்டை அரிக்கும் எட்சிங்கில் பள்ளம் ஏந்தும். லித்தோ என்கிற கல்லச்சில் இரண்டும் கிடையாது. கொழுப்பும் தண்ணீரும் சேராது என்பதை வைத்தே கல்லில் வேலை நடக்கும்.

அப்புறம் வலது பக்கப் படம். இங்க்ஜெட்டில் அடித்தது. இதற்கு 1991இல் 'ஷிக்லே' என்று பிரெஞ்சு வாசனையோடு ஒரு பெயர் வைத்தார்கள். வீட்டில் மாட்ட அருமையான பொருள், அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை அந்த 12/50உடன்தான். கணினிக் கோப்பு தேயாது. ஐயாயிரமாவது தாளும் முதல் தாள் மாதிரியேதான் வரும். தகட்டுக்காரர்கள் எண்ணிக்கை முடிந்ததும் குறுக்கே கோடு கீறித் தகட்டையே கெடுத்துவிடுவது வழக்கம். கோப்பை யார் கீறுவது?

தாளில் தகட்டின் ஓரம் பதிந்த தடம் இருந்தால் நம்பிவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. வெறும் தகட்டை அழுத்தி நகலிலும் அதை வரவழைக்கலாம்.

பூதக்கண்ணாடியைக் கோட்டின் மேலேயே வையுங்கள். கோடு கோடாக நிற்கிறதா, வண்ணப் புள்ளிகளாகச் சிதறுகிறதா? சரி, விளக்கை இப்படித் திருப்பி வைக்கிறேன். ஒவ்வொருவராக வந்து பாருங்கள்.