தோற்ற அணி இறுதிப் போட்டிக்கு வந்தது எப்படி? 1945–46 எஃப்.ஏ. கோப்பை குறித்த சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இங்கிலாந்தின் கால்பந்து நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் பழைய பருவங்களைப் பற்றிப் பேசிய காணொளியைப் பார்த்த நேயர் ஒருவர் இரண்டு சந்தேகங்களை எழுதி அனுப்பியிருக்கிறார். முதலில் அவற்றை வாசித்துவிடுகிறேன். "1945–46 பருவத்தின் ஆட்ட முடிவுகளைப் பார்த்தேன். மூன்றாம் சுற்றில் சார்ல்டன் அத்லெட்டிக் அணி ஃபுல்ஹாமிடம் 1–2 என்று தோற்றதாக இருக்கிறது. அதே சார்ல்டன் வெம்ப்ளியில் இறுதிப் போட்டி ஆடியதாகவும் இருக்கிறது. தோற்றவர் வெளியேற வேண்டிய நாக்அவுட் போட்டியில் இது எப்படி நடக்கும்? அந்த இறுதிப் போட்டியில் கோல் அடித்தவர்களின் பட்டியலில் டர்னர் என்ற பெயர் இரண்டு அணிகளின் பக்கமும் இருக்கிறது. இவை அச்சுப் பிழைகளா?"

இரண்டுமே பிழையில்லை. நேயர் பார்த்த பட்டியல் சரியானதுதான். அந்தப் பருவத்தின் விதி வேறு என்பதைப் பட்டியல் சொல்லாமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எஃப்.ஏ. கோப்பை 1871–72இல் தொடங்கியது. ஒரு சுற்றுக்கு ஒரே ஆட்டம், சமனில் முடிந்தால் மறு ஆட்டம் (2024 வரை), தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இதற்கு விலக்காக அமைந்த பருவம் 1945–46. அந்த ஆண்டு முதல் சுற்றிலிருந்து ஆறாம் சுற்று வரை, அதாவது காலிறுதி வரை, ஒவ்வொரு இணையும் இரண்டு ஆட்டங்கள் ஆடின. ஒன்று இவர்கள் மைதானத்தில், மற்றொன்று அவர்கள் மைதானத்தில். இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டி, மொத்தத்தில் முந்தியவர் அடுத்த சுற்றுக்குப் போனார். அரையிறுதியும் இறுதியும் மட்டும் பழையபடி ஒற்றை ஆட்டங்களாக நடந்தன. ஐரோப்பியப் போட்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு: வெளி மைதானத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு தரும், அங்கே 2021 வரை இருந்த விதி அப்போது கிடையாது. வெறும் கூட்டல் கணக்குதான்.

இனி ஃபுல்ஹாம் ஆட்டத்துக்கு வருவோம். 1946 ஜனவரியில், தன் சொந்த மைதானமான தி வேலியில் சார்ல்டன் 3–1 என்று வென்றது. பிறகு ஃபுல்ஹாமின் மைதானமான கிரேவன் காட்டேஜுக்குப் போய் 1–2 என்று தோற்றது. மொத்தக் கணக்கு 4–3. ஆகவே தோல்வியோடு வீடு திரும்பிய சார்ல்டன்தான் நான்காம் சுற்றுக்குப் போனது. நேயர் பார்த்தது இந்த இரண்டாம் ஆட்டத்தின் முடிவை.

விதியை ஏன் மாற்றினார்கள் என்பதையும் சொல்லாவிட்டால் விளக்கம் பாதியில் நின்றுவிடும். 1939 ஏப்ரலில் போர்ட்ஸ்மத் அணி வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸை 4–1 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. செப்டம்பரில் போர் மூண்டது; போட்டி நிறுத்தப்பட்டது. அடுத்த வெற்றியாளர் வந்து வாங்கிக்கொள்ள வழியில்லாமல் கோப்பை ஏழு ஆண்டுகள் போர்ட்ஸ்மத்திடமே இருந்தது. 1945 ஆகஸ்டில் போர் முழுவதுமாக முடிந்தபோது அடுத்த பருவம் வாசலில் நின்றது. வீரர்களில் பலர் இன்னும் படையிலிருந்து விடுவிக்கப்படவில்லை. ரயில் பயணமும் எளிதாக இல்லை. சில மைதானங்கள் குண்டுவீச்சில் சேதமடைந்திருந்தன. மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு 1941இல் குண்டு விழுந்து சிதைந்ததால், அந்த அணி நகரத்தின் மற்றோர் அணியான மான்செஸ்டர் சிட்டியின் மெயின் ரோடு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இந்த நிலைமையில் நாடு முழுவதற்குமான லீக்கை நடத்த முடியவில்லை. பெரிய கிளப்புகளை வடக்கு, தெற்கு என்று பிரித்து ஆடவிட்டார்கள். நாடு தழுவிய போட்டியாக அந்த ஆண்டு மிஞ்சியது கோப்பை ஒன்றுதான். போர்க்காலத்தில் வருமானம் வற்றிப்போன கிளப்புகளுக்குப் பணமும் தேவை, ஆட்டங்களும் தேவை. ஒற்றை ஆட்டமாக வைத்தால், வெளியூரில் ஆடித் தோற்கும் கிளப்புக்குத் தன் மைதானத்தில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்காது. இரண்டாக வைத்தால் ஒவ்வொரு கிளப்பின் வாசலிலும் குறைந்தது ஒரு முறையாவது டிக்கெட் விற்கும். முடிவு இப்படித்தான் உருவானது. அந்தச் சூழலில் அது நியாயமான முடிவு என்பது என் கருத்து.

இந்த விதி யாருக்கு வாழ்வு கொடுத்தது, யாரைக் கவிழ்த்தது என்பதற்குச் சார்ல்டனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுகள் உண்டு. நான்காம் சுற்றில் பிராட்ஃபோர்டு பார்க் அவென்யூ தன் சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டியிடம் 1–3 என்று தோற்றது. மற்ற எந்த ஆண்டாக இருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இரண்டாம் ஆட்டத்துக்கு மெயின் ரோடு சென்ற அதே அணி 8–2 என்று வென்றது. மூன்றாம் சுற்றில் நியூகாஸில் 4–2 என்று பார்ன்ஸ்லியை வென்றது. பின்னாளில் அந்த ஊரே கொண்டாடிய ஜாக்கி மில்பர்ன் தன் முதல் கோப்பை ஆட்டத்திலேயே இரண்டு கோல் அடித்தது அன்றுதான். அடுத்த ஆட்டத்தில் பார்ன்ஸ்லி 3–0 என்று திருப்பிக் கொடுத்து நியூகாஸிலை வெளியேற்றியது. ஆகையால் இந்தப் பருவத்தின் எந்த ஒற்றை முடிவைப் பார்த்தாலும், அதன் இணை ஆட்டத்தையும் தேடிப் பார்த்துச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆறு ஆண்டு காத்திருந்த மக்கள் மைதானங்களை நிரப்பினார்கள். 1946 மார்ச் 2 அன்று வில்லா பார்க்கில் ஆஸ்டன் வில்லாவும் டார்பி கவுண்டியும் ஆடிய ஆறாம் சுற்றின் முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 76,588 பேர். அந்த மைதானத்தில் அதைவிடப் பெரிய கூட்டம் கூடியதே இல்லை. டார்பி 4–3 என்று வென்றது.

ஒரு வாரம் கழித்து, மார்ச் 9 அன்று, போல்டன் நகரின் பர்ண்டன் பார்க்கில் நடந்ததைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்தப் பருவத்தைப் பற்றிப் பேசும் எவரும் அதைக் கடந்து போகக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

அது போல்டன் வாண்டரர்ஸுக்கும் ஸ்டோக் சிட்டிக்கும் இடையிலான இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டத்தைப் போல்டன் 2–0 என்று வென்றிருந்தது. ஸ்டோக் அணியில் ஸ்டான்லி மேத்யூஸ் ஆடினார். போல்டனில் இருபது வயது நாட் லோஃப்ட்ஹவுஸ் ஆடினார். வந்த கூட்டம் 85,000க்கும் மேல் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ரயில் பாதையை ஒட்டிய மண்மேட்டுப் பக்கம் 'ரயில்வே எண்டு' எனப்பட்டது. அங்கே இருக்கைகள் கிடையாது. நின்றுதான் பார்க்க வேண்டும். மைதானத்தின் இன்னொரு பக்கத்துப் பார்வையாளர் மாடத்தைப் போர்க்காலத்தில் அரசு தன் சரக்குகளை வைக்க எடுத்திருந்தது. போர் முடிந்தும் அது திரும்பி வராததால் அந்தப் பக்கத்து நுழைவாயில்கள் மூடியே கிடந்தன. அங்கே போயிருக்க வேண்டியவர்களும் ரயில்வே எண்டு வாசல்களில் வந்து சேர்ந்தார்கள்.

ஆட்டம் மூன்று மணிக்கு. கூட்டம் மிகுந்துவிட்டது என்று 2.40 மணி அளவில் வாசல்களை மூடினார்கள். வெளியே நின்றவர்கள் கலையவில்லை; சுவர் ஏறியும் ரயில் பாதை வழியாகவும் உள்ளே வந்தார்கள். நெரிசலைப் பார்த்துப் பயந்த ஒரு தந்தை, தன் மகனை வெளியே கொண்டுபோவதற்காகப் பூட்டிய கதவு ஒன்றைத் திறந்தார். பிள்ளையைக் காப்பாற்றத் திறந்த அந்தக் கதவு வழியாகவே இன்னும் பலர் உள்ளே வந்துவிட்டார்கள். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் இரண்டு தடுப்புக் கம்பிகள் சரிந்தன. முன்வரிசையில் நின்றவர்கள் மேல் பின்னால் இருந்தவர்கள் விழுந்தார்கள். முப்பத்து மூன்று பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

ஆட்டத்தை நிறுத்தினார்கள். உடல்களைக் கோட்டோரமாகக் கிடத்தி மேலங்கிகளால் மூடினார்கள். பிறகு, ஏறத்தாழ அரை மணி நேரத்தில், ஆட்டத்தை மீண்டும் தொடங்கினார்கள். ரத்து செய்தால் இவ்வளவு பெரிய கூட்டம் கலவரமாகிவிடும் என்ற அச்சமே காரணம். கூட்டம் புல்தரை வரை வந்துவிட்ட இடத்தில் மரத்தூளைத் தூவிப் புதிய எல்லைக் கோடு போட்டார்கள். இடைவேளை இல்லாமல் ஆடி முடித்தார்கள். கோல் எதுவும் விழவில்லை. மொத்தக் கணக்கில் போல்டன் அரையிறுதிக்குச் சென்றது.

வழக்கறிஞர் மோல்வின் ஹியூஸ் தலைமையில் விசாரணை நடந்தது. மைதானங்களுக்கு உரிமம் வேண்டும், ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை பேர் என்ற வரம்பு வேண்டும் என்று அறிக்கை சொன்னது. அது சட்டமாக 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 66 பேர் இறந்துவிட்டார்கள். இந்த இடைவெளியை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. பர்ண்டன் பார்க் குடும்பங்களுக்கான நிதிக்காக 1946 ஆகஸ்டில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மெயின் ரோட்டில் ஓர் ஆட்டம் ஆடின.

அரையிறுதியில் சார்ல்டன் போல்டனை 2–0 என்று வென்றது. இரண்டு கோல்களும் கிறிஸ் டஃபி அடித்தவை. டார்பி, பர்மிங்ஹாம் சிட்டியுடன் 1–1 என்று சமன் செய்து, மறு ஆட்டத்தில் 4–0 என்று வென்றது. டார்பியின் பலம் ரைச் கார்ட்டரும் பீட்டர் டோஹர்ட்டியும். போர்க்காலத்தில் விமானப்படையில் இருந்தபோது விருந்தினர்களாக டார்பிக்கு ஆடிய இருவரையும் கிளப் பின்னர் விலைக்கு வாங்கியது. கார்ட்டர் 1937இல் சண்டர்லாந்து அணியோடு கோப்பை வென்றவர்.

இனி இரண்டாவது சந்தேகம். 1946 ஏப்ரல் 27, வெம்ப்ளி, ஏறக்குறைய 98,000 பேர். 85ஆம் நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது டார்பியின் டாலி டங்கன் அடித்த பந்து சார்ல்டனின் பெர்ட் டர்னர் மேல் பட்டு வலைக்குள் போனது. சேம் சைடு கோல் என்று நாம் சொல்வோமே, அது. டார்பி 1–0. ஒரு நிமிடம் ஆகவில்லை. சார்ல்டனுக்குப் பெனால்டி பகுதிக்கு வெளியே ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. அதை அடிக்க வந்தவரும் டர்னர்தான். அவர் அடித்த பந்து டோஹர்ட்டியின் மேல் உரசித் திசைமாறி உள்ளே போனது. 1–1. எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் இரண்டு பக்கமும் கோல் அடித்த முதல் வீரர் அவர். அப்போது அவருக்கு வயது 36.

இங்கே நேயர் குழம்பக்கூடிய இன்னொரு செய்தியும் இருக்கிறது. அன்று சார்ல்டன் அணியில் இரண்டு டர்னர்கள் ஆடினார்கள். மற்றவர் ஆர்தர் டர்னர். முன்னணி ஆட்டக்காரர், சம்பளம் வாங்காத அமெச்சூர். ஆனால் பட்டியலின் இரண்டு பக்கமும் இருக்கும் பெயர் பெர்ட் டர்னருடையதே.

ஆட்டம் முடியும் தறுவாயில் டார்பியின் ஜாக் ஸ்டாம்ப்ஸ் கோலை நோக்கி அடித்தபோது பந்து காற்றிலேயே வெடித்துப் போனது. போருக்குப் பின் நல்ல தோல் கிடைக்காத காலம் அது. கூடுதல் நேரத்தில் டோஹர்ட்டி ஒன்றும் ஸ்டாம்ப்ஸ் இரண்டும் அடிக்க, டார்பி 4–1 என்று வென்றது. 1898, 1899, 1903 என்று மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்றிருந்த கிளப்புக்கு முதல் கோப்பை. தங்கத் தட்டுப்பாட்டினால் அன்று வீரர்களுக்கு வெண்கலப் பதக்கங்களே கிடைத்தன. டார்பி அந்தப் பருவத்தில் ஆடிய கோப்பை ஆட்டங்கள் 11, அடித்த கோல்கள் 37, தோல்வி ஒன்றுகூட இல்லை. எனவே ஓர் ஆட்டத்தில் தோற்றும் கோப்பையை வென்ற அணி என்ற நிலை உருவாகவில்லை. தோற்ற அணி இறுதி வரை வந்தது, அதோடு சரி.

1946–47இல் நாடு தழுவிய லீக் திரும்பியது. ஒவ்வொரு முதல் டிவிஷன் கிளப்புக்கும் 42 லீக் ஆட்டங்கள். கோப்பைக்கு இரட்டை ஆட்டம் ஆட நாளும் இல்லை, தேவையும் இல்லை. ஒற்றை ஆட்ட முறை மீண்டும் வந்தது. அந்த ஆண்டும் சார்ல்டன் வெம்ப்ளிக்கு வந்தது. அன்றும் பந்து வெடித்தது, அன்றும் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. டஃபி அடித்த ஒரே கோலில் பர்ன்லியை வென்று சார்ல்டன் கோப்பையை வாங்கியது. அந்தப் பதினோரு பேரில் பெர்ட் டர்னர் இல்லை.