பாதிப் பாலம் நடந்தால் போதும்

(கட்டடக்கலை மாணவர்கள் நிறைந்த ஓர் அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைக்கு ஒரே ஒரு ஊரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அமெரிக்காவின் நடுமேற்கில், அயோவா மாநிலத்தில் இருக்கிற சீடர் ரேப்பிட்ஸ். 2010 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 1,26,000 சொச்சம். ஆற்றோரத்தில் க்வேக்கர் ஓட்ஸ் ஆலை இருக்கிறது. காற்று சரியான பக்கம் அடித்தால் ஊரே ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுகிற மாதிரி மணக்கும். அங்கே சில வருஷம் குடியிருந்தவன் என்பதால் எனக்கு அந்த ஊர்மேல் பாசம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு நடுவே சீடர் ஆறு, ஆற்றுக்கு நடுவே மேஸ் தீவு. 1908இல் அந்தத் தீவை நகராட்சி விலைக்கு வாங்கியது. 1920களில் அதன்மேல் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றமும் போர்வீரர் நினைவு மண்டபமும் எழுந்தன. அந்த மண்டபத்துக்குள்ளேதான் நகராட்சி அலுவலகம். சிறைச்சாலையும் அதே தீவில். அரசு அலுவலகங்களை ஆற்றுத் தீவில் வைத்திருக்கும் ஊர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. பாரீஸைச் சொல்வார்கள், அடுத்து இந்த ஊரைச் சொல்வார்கள்.

வரைபடத்தைப் பார்த்தால் இதன் அழகு புரியும். கிழக்குக் கரையில் வங்கிகள், கடைகள், பெரிய ஓட்டல்கள். மேற்குக் கரையில் பெரும்பாலும் உழைப்பாளிகளின் சின்னச் சின்ன மரவீடுகள். இந்த மாதிரி இரண்டாகப் பிரிந்த ஊரில் நகராட்சியை எந்தக் கரையில் வைத்தாலும் மற்றக் கரைக்காரர்களுக்கு மனக்குறைதான். தீவில் வைத்தாயிற்று. யாராக இருந்தாலும் பாதிப் பாலம் நடந்தால் போதும்.

ஒரு ஊர் தன் பொதுக் கட்டடத்தை எங்கே வைக்கிறது என்று பாருங்கள், அது யாரையெல்லாம் மனதில் வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். முகப்பு, தூண், கண்ணாடி எல்லாம் அப்புறம். நான் சொல்ல வந்தது இதுதான். மீதியெல்லாம் இதற்கு நான் கண்ட சாட்சி.

அந்த நினைவு மண்டபத்துக்குள் போனால், எதிரே 24 அடி உயரத்தில், 20 அடி அகலத்தில் ஒரு வண்ணக்கண்ணாடிச் சாளரம். கிராண்ட் வுட் என்ற ஓவியர் 1929இல் முடித்துக் கொடுத்தது. உலகப் புகழ் பெறுவதற்கு முன்னால் அவர் அந்த ஊர் வாசி. கீழ் வரிசையில் ஆறு போர்களைச் சேர்ந்த ஆறு சிப்பாய்கள் நிற்கிறார்கள். மேலே துக்க முக்காட்டோடு ஒரு பெண். கண்ணாடி வேலை ஜெர்மனியில் நடந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனியோடு சண்டையிட்டு மடிந்தவர்களுக்கு ஜெர்மன் கண்ணாடியா என்று எதிர்ப்பு எழுந்தது. அர்ப்பணிப்பு விழா 1955 வரை நடக்கவே இல்லை. வரி கட்ட வருகிறவர், குடிநீர் இணைப்புக் கேட்டு வருகிறவர் எல்லோரும் அந்தச் சாளரத்தைக் கடந்துதான் போவார்கள். அது அவர்கள் வீட்டுச் சொத்து மாதிரி.

சரி, 2008 ஜூனுக்கு வருவோம்.

சீடர் ஆறு 12 அடியைத் தொட்டால் வெள்ளம் என்று கணக்கு. அதுவரை பதிவான உச்சம் 20 அடி. ஜூன் 13 அன்று 31.12 அடிக்கு ஏறியது. பழைய உச்சத்துக்கு மேலே இன்னும் ஒரு மாடி உயரத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 10 சதுர மைல் மூழ்கியது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குள் தண்ணீர். பாலம் அடித்துக்கொண்டு போகாமல் இருக்கட்டும் என்று ஒரு ரயில் பாலத்தின்மேல் கல் நிரப்பிய சரக்குப் பெட்டிகளை நிறுத்தி வைத்தார்கள். பெட்டிகளோடு பாலமும் போயிற்று. மெர்சி மருத்துவமனையிலிருந்து 176 நோயாளிகளை இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். குடிநீருக்கு மிஞ்சியிருந்த கடைசிப் பெரிய கிணற்றைக் காப்பாற்ற நூற்றுக்கணக்கான பேர் வரிசையாக நின்று மணல் மூட்டைகளைக் கைமாற்றினார்கள். அந்தக் கிணறு தப்பியது.

தீவு தப்பவில்லை. நகராட்சி, நீதிமன்றம், சிறை மூன்றும் ஒரே நாளில் தண்ணீரில். ஆற்றங்கரை மரத்துக்கே நம்பிக்கை கிடையாது என்கிறோம், இது ஆற்றுக்குள்ளேயே இருந்த அரசாங்கம். ஊருக்குத் தலைமை மிகவும் தேவைப்பட்ட அந்த மணி நேரத்தில் தலைமைக்கே உட்கார இடமில்லை. இரண்டு கரைக்கும் பொதுவாக இருந்த அதே இடம், இரண்டு கரைக்கும் முன்னால் மூழ்குகிற இடமாகவும் இருந்தது. அந்தப் பழைய தலைமுறை செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நியாயத்தை நினைத்தார்கள், ஆற்றை மறந்துவிட்டார்கள்.

இப்போது நூலகத்தின் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஊர் நடுவில் கிரீன் ஸ்கொயர் என்று ஒரு பூங்கா. அதன் வடக்குப் பக்கம் 1905இல் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி தந்த நிதியில் நூலகம் கட்டினார்கள். மேற்குப் பக்கம் யூனியன் ஸ்டேஷன். ரயிலில் இறங்குகிறவர் பூங்காவைக் கடந்தால் நூலகம். இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? ஆனால் 1961இல் ஸ்டேஷனை இடித்துவிட்டுக் கார் நிறுத்தக் கட்டடம் எழுப்பினார்கள். 1985இல் நூலகமும் பூங்காவை விட்டு, ஆற்றோரம் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில் புதிதாகக் கட்டிய கட்டடத்துக்குப் போய்விட்டது. பூங்காவில் மரங்கள் மட்டும் மிஞ்சின. பழைய நூலகத்தை ஓவிய அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டதால், நல்லவேளை, அந்தக் கட்டடமாவது பிழைத்தது.

2008இல் ஆறு அந்தப் புது நூலகத்துக்குள் வந்தது. சுமார் 1,60,000 புத்தகங்களும் மற்றப் பொருட்களும் போயின. கீழ்த்தளத்துப் பெரியவர் பிரிவில் இருந்ததில் ஏறக்குறைய எல்லாம் நாசம். நனைந்த புத்தகம் ஊதும். அலமாரிக்குள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, இழுத்தாலும் வராதபடி இறுகிவிடும். சேற்றுத் தண்ணீரில் இத்தனை புத்தகங்கள் ஊறிவிட்டால் எல்லாவற்றையும் காயவைத்துக் காப்பாற்றுவது நடக்கிற காரியமில்லை. அள்ளிக் குப்பையில் போட வேண்டியதுதான்.

அடுத்த வருஷமே வெஸ்ட்டேல் என்ற ஷாப்பிங் மாலில் கடை இடம் பிடித்துத் தற்காலிக நூலகம் திறந்தார்கள். அதற்குப் பாலம் என்றே பெயர் வைத்தார்கள். அங்கே புத்தகம் எடுப்பது ஒரு பக்கம், ஜனங்கள் உட்கார்ந்து நிவாரண விண்ணப்பங்களை நிரப்புவது இன்னொரு பக்கம். வீட்டில் கணினி போய்விட்டது, வீடே போய்விட்டது, அரசாங்கப் படிவம் மட்டும் இணையத்தில் இருக்கிறது. அப்போது அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

நிரந்தரக் கட்டடத்தை எங்கே வைப்பது என்று பெரிய விவாதம் நடந்தது. பழைய இடத்தையே கழுவித் துடைத்துத் திறந்தால் செலவு மிச்சம் என்றவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. பொதுமக்களை அழைத்துக் கூட்டம் கூட்டமாக நடத்தினார்கள். நூலகத்துக்கு மட்டுமில்லை, நகராட்சி அலுவலகம், தீயணைப்பு நிலையம் எல்லாவற்றுக்கும். படங்களைச் சுவரில் ஒட்டி, அட்டையில் கருத்து எழுதி வாங்கினார்கள். இதெல்லாம் நேரத்தை வீணாக்குகிற வேலை என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வீட்டை இழந்த மனிதரிடம் ஊரை எப்படிக் கட்டலாம் என்று கேட்பது, இந்த ஊர் இன்னும் உங்களுடையது என்று சொல்வதற்குச் சமம்.

முடிவில் நூலகம் கிரீன் ஸ்கொயருக்கே திரும்பியது, இந்த முறை பூங்காவின் தெற்குப் பக்கம். அங்கே இருந்த காப்பீட்டு நிறுவனம் ஆற்றோரப் பழைய நூலகத்துக்குக் குடிபோனது. 2013 ஆகஸ்ட் 24 அன்று திறந்தார்கள். ஓபிஎன் என்ற உள்ளூர் நிறுவனத்தின் வடிவமைப்பு. பசுமைக் கட்டடங்களுக்கான லீட் தரத்தில் பிளாட்டினம், அதாவது உச்சப் படி. அந்தப் பட்டத்தைவிட எனக்கு அதன் மொட்டைமாடிதான் முக்கியம். மாடி முழுக்கப் புல்லும் செடியும். யார் வேண்டுமானாலும் ஏறலாம். நான் முதலில் ஏறி நின்றபோது எதிரே பூங்கா, பூங்காவுக்கு அந்தப் பக்கம் 1905ஆம் வருஷத்துக் கார்னகிக் கட்டடம். நூறு வருஷத்துப் பாட்டியும் பேத்தியும் தெருவாசலில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. கீழே தரைத்தளம் முழுக்கக் கண்ணாடி. வெளியே நடக்கிறவருக்கு உள்ளே படிக்கிறவர் தெரிகிறார். குளிருக்கு ஒதுங்க இடம் தேடுகிறவர் உள்ளே போகலாமா என்று தயங்கத் தேவையில்லை.

நகராட்சி எங்கே போயிற்று? தீவிலிருந்து கிழக்குப் பாலம் இறங்கியதும் 1930களில் கட்டிய ஃபெடரல் நீதிமன்றம் இருக்கிறது. மத்திய அரசு தனக்குப் புதிய நீதிமன்றம் கட்டி 2012இல் மாறியது. நிலத்துக்குக் கட்டடம் என்ற ஒப்பந்தத்தில் பழையது நகராட்சிக்கு வந்தது. அதன் பெரிய விசாரணைக் கூடத்தில் நான்கு சுவரிலும் 1930களில் ஓவியர்கள் வரைந்த சுவரோவியம் உண்டு. விசாரணை நடக்கும் இடத்துக்கு இது ஒவ்வாது என்று 1950களில் ஒருமுறை, 60களில் ஒருமுறை பூசி மறைத்துவிட்டார்கள். நகராட்சி வந்த பிறகு மேல்பூச்சை மெள்ளச் சுரண்டி, ஒவ்வொரு சுவராக மீட்டார்கள். இன்றைக்கு நகர மன்றக் கூட்டம் அந்த ஓவியங்களுக்கு நடுவேதான் நடக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கட்டடமும் 2008இல் நனைந்ததுதான். அதோடு அது கிழக்குக் கரை. தீவு தந்த பொதுத்தன்மை போய்விட்டது. கண்ணாடிச் சாளரத்தைக் கழற்றிச் சீர்செய்து 2010இல் திரும்ப மாட்டினார்கள், மண்டபத்தையும் புதுப்பித்தார்கள், எல்லாம் நல்லதே. ஆனாலும் இன்றைக்கு மேற்குக் கரைக்காரர் நகராட்சிக்குப் போக முழுப் பாலத்தையும் கடக்க வேண்டும்.

இது சின்ன விஷயமா? மேற்குக் கரைக்கு இது சின்ன விஷயமாக இருந்திருக்காது. வெள்ளத்துக்குப் பிறகு ராணுவப் பொறியாளர் பிரிவு கரைச்சுவருக்குக் கணக்குப் போட்டது. ஒரு டாலர் செலவழித்தால் எத்தனை டாலர் சொத்து காப்பாற்றப்படும் என்ற கணக்கு. கிழக்குக் கரையில் உயரக் கட்டடங்கள், ஆகவே அங்கே சுவர் கட்டுப்படியாகும் என்று வந்தது. மேற்கே வீடுகளின் விலை குறைவு, ஆகவே கட்டுப்படியாகாது என்று வந்தது. சூத்திரத்தில் பிழை இல்லை. ஆனால் ஏழையின் வீடு விலை மலிவு என்பதாலேயே அதைக் காப்பது லாபமில்லை என்று சொல்கிற சூத்திரத்தை நான் ஏற்கவே மாட்டேன். டைம் செக் என்ற மேற்குக் கரைக் குடியிருப்பில் வரிசை வரிசையாக வீடுகளை விலைக்கு வாங்கி இடித்தார்கள். நகரம் முழுக்க அப்படி ஆயிரத்துக்கும் மேல்.

நகராட்சி அந்தக் கணக்கோடு நின்றுவிடவில்லை. இரண்டு கரையும் சேர்ந்தால்தான் திட்டம் என்று பிடிவாதமாக நின்றது. அதற்காக விற்பனை வரியை நீட்டிக்க 2011இலும் 2012இலும் வாக்கெடுப்பு வைத்துத் தோற்றது. 2013இல் மாநில அரசு 20 வருஷத்தில் 26 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. 2018இல் மத்திய அரசிடமிருந்து 11 கோடியே 70 லட்சம் டாலர் வந்தது. இதற்கு நடுவே 2016 செப்டம்பரில் ஆறு மறுபடி ஏறியது, கிட்டத்தட்ட 22 அடி. நிரந்தரச் சுவர் பெரும்பகுதி இன்னும் எழும்பவில்லை. சுமார் 10 மைல் தூரத்துக்கு மணல் நிரப்பிய தற்காலிக அரணை ஒரு வாரத்துக்குள் எழுப்பினார்கள். இரண்டு கரையிலும். ஊர் பெரும்பாலும் தப்பியது.

மேற்குக் கரையில் 2014இல் ஒரு திறந்தவெளி அரங்கம் கட்டினார்கள், மெக்ராத் அரங்கம். பார்வையாளர் உட்கார ஆற்றைப் பார்த்துச் சரிகிற ஒரு புல்மேடு. அந்த மேடுதான் அங்கே வெள்ளக் கரை. கச்சேரி இல்லாத ஒரு சாயங்காலம் நான் அங்கே போயிருந்தேன். மேட்டின் உச்சியில் இரண்டு பிள்ளைகள் படுத்துக்கொண்டு, யார் முதலில் கீழே போவது என்று உருண்டுகொண்டிருந்தார்கள். அவர்கள் அம்மா பாதி மேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் இடது பக்கம் ஆற்றுக்குள் தீவும் நினைவு மண்டபமும், பாலத்துக்கு அந்தப் பக்கம் விளக்கேற்றிய நகராட்சியும் தெரிந்தன. தண்ணீர் ரொம்பக் கீழே, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.