மனைவிக்கு ஒயின் வாங்கித் தந்தவருக்கு அபராதம்! பிரிட்டிஷ் பப்பில் ‘ரவுண்டு’ தடை செய்யப்பட்ட கதை

(திரையில்: 1916 மார்ச், சவுத்தாம்டன்)

இங்கிலாந்தின் துறைமுக நகரம் சவுத்தாம்டன். ஒருவர் பப்பில் தன் மனைவிக்கு ஒரு கோப்பை ஒயின் வாங்கித் தருகிறார். பிடித்து வழக்குப் போட்டுவிட்டார்கள். அந்த ஆறு பென்ஸ் மனைவியின் காசுதான், என் கையில் கொடுத்தது அவள்தான் என்று கணவர் சொல்லியும் பயனில்லை. கணவருக்கு அபராதம். குடித்த மனைவிக்கு 1 பவுண்டு. ஊற்றிக் கொடுத்த பணிப்பெண்ணுக்கு 5 பவுண்டு! அந்தப் பணிப்பெண்ணை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவே மாட்டேன் என்கிறது.

வணக்கம் நண்பர்களே. குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததற்காக வந்த வழக்கில்லை இது. இன்னொருவருக்கு வாங்கித் தந்ததே குற்றம். ஏன் என்று புரிய வேண்டுமானால் பிரிட்டிஷ் பப்பின் உயிர்நாடியான ‘ரவுண்டு’ வழக்கத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய வரலாற்றை வேகமாகக் கடந்துவிடுவோம். மதுக்கடைகள் வாசலில் அடையாளப் பலகை வைக்க வேண்டும் என்று 1393-இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் கட்டளையிட்டார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் படம் புரியும். சிவப்புச் சிங்கமும் ஓக் மரமும் இன்றுவரை பப் வாசல்களில் தொங்குவது அந்த வழியில்தான்.

(திரையில்: செங்கல் வரிசை வீடுகள்)

தொழில் நகரங்களில் தொழிலாளியின் வீடு என்றால் கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. கழிப்பறை கொல்லைப்புறத்தில். இருப்பதில் நல்ல அறையைப் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக்கும் விருந்தாளிக்கும் என்று பூட்டி வைத்தார்கள். கரி விலை கொடுத்து வாங்க வேண்டும். தெருமுனைப் பப்பிலோ கணப்பு எரிகிறது, விளக்கு எரிகிறது, பேச ஆள் இருக்கிறது. மாலையில் கால் தானாக அங்கே போனதில் வியப்பில்லை.

பப்புக்குப் போகாத வீட்டுக்கும் பீர் வந்தது. பிள்ளையின் கையில் ஒரு ஜாடியைக் கொடுத்து அனுப்புவார்கள். வழியில் அது ஒரு வாய் குடித்துப் பார்க்காமலா இருக்கும்? 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் மூடி முத்திரையிட்ட பாத்திரத்தில்தான் கொடுக்கலாம் என்று 1901-இல் சட்டம் வந்தது. 1908-இல் அந்த வயதுப் பிள்ளைகள் மது பரிமாறும் அறைக்குள் நுழையவே தடை.

அதன் பிறகு அப்பா உள்ளே, பிள்ளை வாசலில். கையில் லெமனேடு, ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு சிப்ஸ். அந்தப் பொட்டலத்துக்குள் நீலத் தாளில் முறுக்கிய உப்பு இருக்கும். விரலை விட்டுத் துழாவி, முறுக்கைப் பிரித்து, தூவி, பொட்டலத்தின் வாயைப் பிடித்துக் குலுக்கிச் சாப்பிட வேண்டும். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஆங்கிலேயர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் அந்த நீலத் தாளைப் பற்றிக் கேளுங்கள். முகம் மலர்ந்துவிடும்.

(திரையில்: மேசையைச் சுற்றி நான்கு பேர்)

இப்போது ரவுண்டுக்கு வருவோம். நான்கு நண்பர்கள். ஒருவர் எழுந்து கவுன்டருக்குப் போய் நால்வருக்கும் வாங்கி வருகிறார். கோப்பைகள் காலியாகும் நேரத்தில் அடுத்தவர் எழ வேண்டும். தன் முறை வரும்போது கழிப்பறைக்குப் போகிறவரை யாரும் மறக்க மாட்டார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது நம் மொய். பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கிறதே, அதேதான்! நீ இன்று எனக்குச் செய்கிறாய், நான் நாளை உனக்குச் செய்கிறேன். திருப்பிச் செய்யாதவனுக்கு ஊரில் மதிப்பில்லை. ஆனால், மொய்க்கு நோட்டு உண்டு, எழுத ஆள் உண்டு. வாங்கியதற்கு மேல் கூட்டித்தான் வைக்க வேண்டும். ரவுண்டுக்கு நோட்டும் இல்லை, கூடுதலும் இல்லை. எல்லாம் மனக்கணக்கு. கணக்கு சரியாகத் தீர்ந்துவிடக் கூடாது என்பதில்தான் இரண்டின் அழகும் இருக்கிறது. தீர்ந்துவிட்டால் மறுபடி சந்திக்கக் காரணம் என்ன?

இதில் ஒரு வம்பும் உண்டு. ஆறு பேர் சேர்ந்தால் ஆறு ரவுண்டு. வழக்கமான பீர் கோப்பை ஒரு பைன்ட், அதாவது 568 மில்லிலிட்டர். ஒன்றோடு எழுந்து போக நினைத்தவரும் ஆறாவது வரை உட்கார வேண்டியிருக்கும்.

முதல் உலகப் போரில் அரசின் கண்ணில் பட்டது இதுதான். குண்டு தயாரிக்கும் தொழிலாளி மறுநாள் காலை வேலைக்கு வரவில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, மது ஆகிய மூன்று எதிரிகளில் மதுவே பெரியது என்று 1915-இல் அமைச்சர் லாயிட் ஜார்ஜ் பேசினார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அரண்மனையிலேயே மதுவை நிறுத்தினார். அதே ஆண்டு அக்டோபரில் லண்டனிலும் வாங்கித் தருவதற்குத் தடை வந்தது. சாப்பாட்டோடு சேர்த்து வாங்கினால் மட்டும் விலக்கு. அதிகபட்ச தண்டனை ஆறு மாதச் சிறை!

போர் முடிந்தது, தடை போயிற்று, ரவுண்டு திரும்பி வந்தது. போர்க்காலத்தில் கொண்டுவந்த, பப்களைப் பிற்பகலில் மூடும் விதி மட்டும் இங்கிலாந்தில் 1988 வரை நீடித்தது.

இந்த வட்டத்துக்குள் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பர்மிங்ஹாம் அருகே ஸ்மெத்திக்கில் சில பப்கள் வெள்ளையரல்லாதவர்களுக்குப் பரிமாற மறுத்தன. இந்தியத் தொழிலாளர் சங்கத்தினர் எதிர்த்துப் போராடினார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் நேரில் வந்து பார்த்தார். அந்த ஆண்டே, பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் இன உறவுச் சட்டம் வந்தது. லண்டன் ஃபிளீட் தெருவின் எல் வினோ மதுக்கூடத்திலோ, பெண்கள் ஆண்களைப் போல் கவுன்டரில் நின்று வாங்குவதற்கு 1982-இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது ஸ்மெத்திக் வட்டாரத்தில் பஞ்சாபியர் நடத்தும் பப்களில் பீரோடு தந்தூரிக் கறி வருகிறது. எனக்கு இந்தத் திருப்பம் மிகவும் பிடித்திருக்கிறது.

பிரிட்டனுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு இரண்டு செய்தி. குடிக்காதவரும் ரவுண்டில் தாராளமாகச் சேரலாம். எலுமிச்சை சோடாவுக்கும் அதே மரியாதைதான். சிப்ஸ் வாங்கினால் பொட்டலத்தைப் பக்கவாட்டில் முழுதாகக் கிழித்து மேசை நடுவில் விரித்து வையுங்கள். மடியில் வைத்துத் தனியாகச் சாப்பிடாதீர்கள்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் இருக்கும் நம்மவர்களே, உங்கள் தெருமுனைப் பப் இன்னும் நடக்கிறதா, கடையாகவோ குடியிருப்பாகவோ மாறிவிட்டதா? அதன் பெயரோடு கீழே எழுதுங்கள். அடுத்த காணொளி அந்தப் பெயர்ப்பலகைகளைப் பற்றியதுதான்.