மார்பர்க் மேசையும் நம் ஊர்ப் பந்தியும்

(சீர்திருத்தத் திருநாளையொட்டி வேலூரில் லுத்தரன் சபையாரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய ஐயர்மாரே, தாய்மாரே, அண்ணன் தம்பிமாரே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

என் அத்தையை ஆம்பூரிலிருந்து இந்த வேலூருக்குத்தான் கட்டிக்கொடுத்தார்கள். நாங்கள் லுத்தரன் சபை. மாமா வீட்டார் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. கிறிஸ்துமஸுக்கு அத்தை தாய்வீடு வருவார், எங்களோடு ஆராதனைக்கும் வருவார். இராப்போஜனம், அதாவது ஆண்டவரின் அப்பமும் ரசமும் கொடுக்கும் நேரத்தில் பாட்டி எழுந்து போவார், அப்பா போவார். அத்தை மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். அதே கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர், அதே பலிபீடத்தின் முன் முழங்காலிட்டுத் திடப்படுத்தல் எடுத்தவர். "அத்தை ஏன் வரல?" என்று அப்பாவைக் கேட்டேன். "அவங்க சபை இப்ப வேற" என்றார். அதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெஞ்சில் அத்தையை உட்காரவைத்தது 1529-ஆம் ஆண்டு என்பதைப் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் சீர்திருத்தத் தலைவர்களான மார்ட்டின் லுத்தரும் சூரிச்சிலிருந்து வந்த சுவிங்லியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். 'இது என் சரீரம்' என்ற வாக்கை லுத்தர் சாக்கட்டியால் மேசைமேல் எழுதிவைத்துக்கொண்டு வாதாடினார். 'இது' என்றால் 'இதுதான்' என்பது அவர் பக்கம். 'இதைக் குறிக்கிறது' என்பது சுவிங்லி பக்கம். பதினைந்து விஷயங்களில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவதில், அதுவும் அதன் ஒரு பகுதியில், முறிந்தது. சுவிங்லி ஐக்கியத்துக்காகக் கைநீட்டினார். லுத்தர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

அந்தப் பிளவு கப்பலேறி நம் பாலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் ஸ்கடர் குடும்பத்தார் 1853-இல் அமைத்த ஆற்காடு மிஷன், அமெரிக்க ரிஃபார்ம்டு சபையுடையது. சுவிங்லி, கால்வின் வழி வந்த சபை அது. அந்த மிஷன் சபைகள் பின்னால் 1947 செப்டம்பர் 27-இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபைக்குள் போயின. ஆம்பூர்ப் பக்கம் வந்ததோ மிசௌரி லுத்தரன் மிஷன். இரண்டு ஊருக்கும் நடுவே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். என் அத்தை பஸ்ஸேறிக் கடந்தது மார்பர்க் மேசையை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேறு சபையாருக்கு இராப்போஜனம் கொடுக்காத அந்தக் கண்டிப்பை நான் கேவலமாகப் பேச வரவில்லை. அப்பத்தோடும் ரசத்தோடும் ஆண்டவர் மெய்யாகவே தம்மைத் தருகிறார் என்று நம்புகிறவன், அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்று கேட்கத்தான் செய்வான். விளையாட்டுப் பொருளென்றால் யாரும் காவல் வைக்கமாட்டார்கள். அந்தப் பயபக்தியை எனக்குக் கற்றுத்தந்ததே அத்தை உட்கார்ந்திருந்த கோவில்தான்.

என் கேள்வி வேறு. அதைக் கேட்க, நம் சபைகள் பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஆம்பூர் சபை ஒரு கொள்கைப் பிரிவில் பிறந்தது. தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன் என்று இருவர். ஜெர்மனியின் லுத்தரன் மிஷனான லைப்சிக் மிஷனின் ஊழியர்களாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள். வேதாகமம் முழுவதும் பிழையற்ற தேவவசனம் என்பதில் தங்கள் மிஷன் தளர்ந்துவிட்டது என்று எதிர்த்து நின்றார்கள். வேலை போனது. 1894-இல் மிசௌரி சினாடு என்ற அமெரிக்க லுத்தரன் சபை அவர்களை ஏற்று அனுப்பியது. 1895-இல் நேதர் கிருஷ்ணகிரியில் தொடங்கினார். மறு ஆண்டு மோன் ஆம்பூர் வந்தார். 1904-இல் நேதர் பிளேக் நோயில் இறந்தார். சம்பளத்தையும் சொந்த மிஷனையும் விட்டு ஒரு உபதேசத்துக்காக வெளியே வந்தவர்கள் அவர்கள். இதை ஆம்பூரில் திடப்படுத்தல் வகுப்பில் சொல்லித்தருவார்கள், நாங்களும் பெருமையோடு கேட்டோம்.

ஆனால் அதே லைப்சிக் மிஷனிலிருந்து, அவர்களுக்கு முப்பது ஆண்டுக்கும் மேலாக முன்னால், இன்னொருவர் வெளியேறியிருந்தார். கார்ல் ஓக்ஸ். அவர் பெயரை எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. அவர் வெளியேறியது சாதிக்காக. சபைக்குள் சாதி வேற்றுமைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்றார். மிஷன் தலைவர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோன பெரிய தமிழறிஞர். அவரை நான் மதிக்கிறேன். இந்த விஷயத்தில் மட்டும் அவரும் மிஷனும் எடுத்த நிலை தவறு என்பதே என் துணிபு. சாதி சமுதாய வழக்கம். சுவிசேஷம் உள்ளே போகப் போக அது தானாக உதிரும், பலவந்தம் வேண்டாம் என்றார்கள். ஓக்ஸ் விலகி, பண்ருட்டிப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே ஊழியம் தொடங்கினார். டேனிஷ் மிஷன் அதைத் தாங்கிக்கொண்டது. திருவண்ணாமலை வரை பரவிய இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அதுதான்.

ஆக, வடக்கிலும் தெற்கிலும் நம் ஆற்காட்டு மண்ணில் இரண்டு லுத்தரன் பிரிவுகள். ஒன்று புத்தகத்துக்காக, ஒன்று பந்திக்காக. முதலாவதை நாம் 'உபதேசப் பிரச்சினை' என்கிறோம். இரண்டாவதை 'சமுதாயப் பிரச்சினை' என்று சொல்லி வேறு அலமாரியில் வைத்துவிட்டோம். இந்தப் பிரிப்புதான் என்னை உறுத்துகிறது.

இது லைப்சிக் காலத்துப் பழக்கம் மட்டுமல்ல. தரங்கம்பாடியில் 1706-இல் லுத்தரன் மிஷனெரி சீகன்பால்க் இறங்கிய பிறகு கட்டப்பட்ட கோவிலிலேயே சாதிக்கொரு இடம் இருந்தது. 1733-இல் ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார், அவர் வேளாளர். தஞ்சைப் பக்கம் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார், பறையர் குலத்தில் பிறந்தவர். ஊழியத்தில் அவரைக் குறை சொல்ல யாருமில்லை. ஆனாலும் அவருக்கு அபிஷேகம் கிடைக்கவில்லை. அவர் கையால் கொடுத்தால் மற்றவர்கள் இராப்போஜனம் வாங்கமாட்டார்கள் என்று மிஷனெரிமார் தயங்கினார்கள். 'இது என் சரீரம்' என்று மேசையில் எழுதிய லுத்தரின் பிள்ளைகள், அந்தச் சரீரம் யார் கையிலிருந்து வருகிறது என்று பார்க்கிறவர்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை எடுங்கள். விசுவாசத்தினாலே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்ற வசனம் பதினாறில் வருகிறது. நம் சபைகள் நிற்பதே அதன்மேல்தான். அந்த வசனம் எந்தச் சண்டையை ஒட்டி வருகிறது? அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து விலகினார். பவுல் எல்லோர் முன்பாகவும் அவரைக் கண்டித்தார். 'மரியாதை தவறினாய்' என்று சொல்லவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ப நீ நடக்கவில்லை என்றார். லுத்தர் உயிராகப் பிடித்துக்கொண்ட உபதேசம், பந்தியிலிருந்து எழுந்துபோன ஒருவரைக் கண்டித்த இடத்தில் எழுதியிருக்கிறது. இதைப் பார்த்த நாளிலிருந்து, சாதியைச் சமுதாயப் பிரச்சினை என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் விசுவாச அறிக்கைகளும் இதற்குச் சாட்சி. ஆம்பூர் கன்கார்டியா பள்ளியில் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். 1580-இல் வெளிவந்த லுத்தரன் விசுவாச அறிக்கைகளின் தொகுப்புக்கும் அதே பெயர்தான். அதில் சேர்ந்துள்ள 1577-ஆம் ஆண்டு அறிக்கையின் பத்தாம் பிரிவு, கட்டளையும் இல்லாத விலக்கும் இல்லாத பொதுக் காரியங்களைப் பற்றியது. சாதாரண நாளில் அவற்றில் விட்டுக்கொடுக்கலாம். சுவிசேஷத்தின் சத்தியமே சோதனைக்கு வரும்போது அவை பொதுக் காரியமாக இருப்பதில்லை. அப்போது விட்டுக்கொடுக்கக் கூடாது. இதை எழுதவைத்தது கத்தோலிக்கச் சடங்குகளுக்கு இடம் கொடுத்து 1548-இல் வந்த ஒரு சமரசம். அதன் பெயர் லைப்சிக் இடைக்கால ஏற்பாடு. ஆம், அதே லைப்சிக்.

இதை நம் காலத்தில் லுத்தரன் சபைகள் நடைமுறைக்குக் கொண்டுவந்தும் இருக்கின்றன. 1977-இல் தார் எஸ் சலாமில் கூடிய லுத்தரன் உலக சம்மேளனம், தென்னாப்பிரிக்காவின் நிறவெறி விசுவாச அறிக்கையைத் தொடும் காரியம் என்று அறிவித்தது. 1984-இல் புடாபெஸ்டில், அதைக் கைவிடாத இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. தோல் நிறம் உபதேசப் பிரச்சினை என்றால், குலம் எப்படி ஆகாமல் போகும்?

என் வாழ்க்கையில் நடந்ததையும் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஒருவருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு ஒரே கிண்ணத்தில் குடித்தேன். அன்று மத்தியானமே அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தண்ணீர் கேட்டேன். திண்ணையில் வைத்துத் தனிச் செம்பில் கொடுத்தார்கள். அவர் மறு மாதமும் இராப்போஜனம் எடுத்தார். யாரும் அவரைப் பெஞ்சில் உட்காரச் சொல்லவில்லை. மார்பர்க்கில் சுவிங்லி சொன்ன ஒரு வார்த்தைக்காக என் அத்தையை உட்காரவைத்த அந்தக் கண்டிப்பு, அந்தச் செம்புக்கு முன்னால் எங்கே போனது?

சி.எஸ்.ஐ. சகோதரர்களே, உங்கள் வீட்டுக் கதையும் இதேதான் என்று உங்களுக்குத் தெரியும். 1948 முதல் நம் இரு தரப்பு இறையியலாளரும் பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசினார்கள். இராப்போஜனம் பற்றியே மிகவும் நெருங்கி வந்தார்கள். அந்தப் பேச்சு மறுபடி நடக்கட்டும். நடக்கும்போது சாதி என்ற இந்தப் பதினாறாவது விஷயத்தையும் மேசைமேல் எழுதிவைத்துப் பேசுங்கள்.

அதுவரை எங்கள் பக்கம் ஒன்று செய்யலாம். இராப்போஜனத்துக்கு முன் ஐயரிடம் பெயர் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. அந்த நேரத்தில் ஐயர் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும்: "இந்தச் சபையில் யார் வீட்டில் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள்?" அடுத்த முறை பெயர் கொடுக்கப் போகும்போது, அதை முதலில் என்னிடம் கேட்கும்படி எங்கள் ஐயரிடம் சொல்லியிருக்கிறேன்.