சோற்றுக் கிண்ணம் ஒன்று: ஸ்டோன்வேர் பாத்திரம் உருவாகும் விதம்

[காட்சி: மேசைமேல் ஒரு மண்பானை, ஓர் ஊறுகாய் ஜாடி, சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் ஒரு கிண்ணம்.]

இந்த மூன்றும் களிமண்ணால் ஆனவைதான். பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாவதால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. அதே கசிவு ஜாடியில் இருந்தால், உப்பும் எண்ணெயும் சில வாரங்களில் வெளியே பூத்துவிடும். வேறுபாடு சூளையின் வெப்பத்தில் இருக்கிறது. 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, மண்ணில் கலந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் உருகிக் கண்ணாடியாகி, துகள்களுக்கு நடுவிலுள்ள துளைகளை அடைத்துக்கொள்கிறது. இப்படி இறுகிய மண்ணே ஸ்டோன்வேர். நம் வீடுகளுக்கு அது ஊறுகாய் ஜாடியாக எப்போதோ வந்துவிட்டது. கைவினைஞர் பட்டறையில் சக்கரத்தில் வனைந்த சாப்பாட்டுப் பாத்திரமாக அது இந்தப் பக்கத்தில் வேரூன்றியதில், மட்பாண்டக் கலைஞர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறைக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே பயின்றவர்கள் பலர் சுற்றுவட்டாரத்திலேயே பட்டறை வைத்திருக்கிறார்கள்.

[காட்சி: தராசில் களிமண் உருண்டை.]

இன்று செய்து காட்டப்போவது, சூளையிலிருந்து வெளியே வரும்போது 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சோற்றுக் கிண்ணம். எடுத்திருக்கும் மண் சுமார் 600 கிராம். இந்தக் கலவை காய்ந்து வெந்து முடிவதற்குள் 12 விழுக்காடு சுருங்கும் என்பதால், சக்கரத்தில் 17 சென்டிமீட்டருக்கு வனைய வேண்டும். கலவையில் சீனக்களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றுடன், வளைந்துகொடுக்கும் தன்மைக்காகப் பால் கிளே (ball clay) சேர்ந்திருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும் இடத்தில் கிடைக்கும் மண் வகை அது.

[காட்சி: சக்கரம் சுழல்கிறது, கைகள் அண்மையில்.]

காற்றுக்குமிழி போகப் பிசைந்த மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்தி, கட்டைவிரலால் குழி பறித்தாயிற்று. பார்ப்பவர்கள் சுவர் உயர்வதற்காகக் காத்திருப்பார்கள். நான் முதலில் அடிப்பகுதியைக் கவனிக்கச் சொல்வேன். சுவரை மேலே இழுக்கும்போது மண் இழுபட்டு இறுகுகிறது, ஆனால் அடிமண் தொடப்படாமலே கிடக்கிறது. அதை விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் அழுத்தித் தேய்க்காவிட்டால், காயும்போதோ வேகும்போதோ அடியில் பாம்புபோல வளைந்த விரிசல் ஒன்று தோன்றும்.

இப்போது உள்வளைவு. கத்தியும் முள்கரண்டியும் கொண்டு சாப்பிடுபவருக்குத் தட்டையான தட்டு வசதி, ஏனென்றால் வெட்டுவதற்குச் சமதளம் வேண்டும். நாம் விரல்களால் சோற்றைக் கூட்டி, ஓரத்தில் ஒதுக்கி, அழுத்தி எடுக்கிறோம். ஆகவே அடியிலிருந்து சுவருக்குச் செல்லும் வளைவு எங்கும் மூலை இல்லாமல் ஓட வேண்டும். மூலை இருந்தால் கடைசிப் பருக்கைகள் அங்கே சிக்கிக்கொள்ளும், கழுவும்போதும் அங்கேதான் பிசுக்கு நிற்கும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வனைந்த அழகான தட்டுகள் பல நம் சாப்பாட்டு மேசையில் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

விளிம்பை மெல்லியதாக விட்டால் நாகரிகமாகத் தெரியும், ஆனால் குழாயடியில் ஒரு தட்டுத் தட்டினால் சில்லு பெயரும். சுவரைவிட ஒரு நூல் தடிப்பாக விட்டு, ஈரத் தோல் துண்டால் உருட்டி முடிக்கிறேன்.

[காட்சி: கவிழ்த்த கிண்ணம், அடியைச் செதுக்கும் கருவி.]

நகம் பதியும், ஆனால் அழுத்தினால் வளையாது என்ற பதத்துக்கு வந்தபின் கவிழ்த்து வைத்து, அடியில் வளையம் செதுக்குகிறோம். சுமார் 7 சென்டிமீட்டர் அகலமுள்ள இந்த வளையத்தால் கிண்ணம் ஆடாமல் நிற்கிறது. சூடான சாம்பார் இருக்கும்போது, வளையத்தையும் விளிம்பையும் பிடித்தே தூக்கலாம்.

நன்றாகக் காய்ந்தபின் முதல் சூடு, ஏறத்தாழ 1000 டிகிரி. இதில் அவசரம் கூடாத கட்டம் ஒன்று உண்டு. 573 டிகிரியில் குவார்ட்ஸ் படிகத்தின் அமைப்பு மாறி அதன் பருமன் சட்டென்று கூடுவதால், அதைக் கடக்கும்போது சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும். ஆறும்போதும் அதே நிதானம் தேவை.

[காட்சி: கிளேஸ் வாளியில் கிண்ணம் மூழ்கி எழுகிறது, ஈரப் பஞ்சால் அடி வளையம் துடைக்கப்படுகிறது.]

கிளேஸ் என்பது பாத்திரத்தின் மேலேயே உருகிப் படியும் கண்ணாடி. அடி வளையத்தில் ஒரு சொட்டு மீந்தாலும் அது சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், அங்கே சுத்தமாகத் துடைத்துவிடுகிறோம். இந்தக் கிண்ணத்தின் பச்சை, கலவையிலுள்ள ஒன்றிரண்டு விழுக்காடு இரும்பு ஆக்சைடால் வருவது. சூளைக்குள் காற்றைக் குறைத்தால், நெருப்பு தனக்கு வேண்டிய ஆக்சிஜனை இரும்பிலிருந்தே பறித்துக்கொள்கிறது. பழுப்பாக வர வேண்டியது பச்சையாகிறது. அதே இரும்பை 8 முதல் 10 விழுக்காடு வரை சேர்த்தால் கறுப்புக்கு நெருங்கிய பழுப்பு கிடைக்கும்.

நிறத்தைவிட முக்கியம், கிளேஸும் மண்ணும் பொருந்துவது. கிளேஸ் பூசியபின் கொடுக்கும் இரண்டாம் சூட்டின் 1280 டிகிரியிலிருந்து ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால், அதன்மேல் மயிரிழை வெடிப்புகள் வலைபோலப் படரும். பூச்சாடியில் அது அழகாக இருக்கலாம். சாப்பாட்டுக் கிண்ணத்தில் அந்த வெடிப்புகளுக்குள் மஞ்சள் கறை இறங்கிவிட்டால் எந்தச் சோப்பாலும் எடுக்க முடியாது. பாத்திரத்தின் வலுவும் குறையும். கலவையில் சிலிக்காவைக் கூட்டினாலோ, சோடா, பொட்டாஷ் ஆகியவற்றின் அளவைக் குறைத்தாலோ சுருக்கம் கட்டுக்குள் வரும். சோதிப்பதற்கு, ஒரு மாதிரித் துண்டை ஃப்ரீஸரில் வைத்து எடுத்துக் கொதிநீரில் போடுகிறோம். இப்படிப் பலமுறை செய்தும் வெடிக்காத கலவையே பாத்திரத்துக்குப் போகிறது.

[காட்சி: இரண்டு மாதிரித் துண்டுகள், ஒன்றில் எலுமிச்சை வைத்த இடம் வெளிறியிருக்கிறது.]

புளியும் எலுமிச்சையும் அன்றாடம் புழங்கும் சமையலுக்கு இன்னொரு சோதனையும் தேவை. எலுமிச்சைத் துண்டை இரவு முழுவதும் வைத்து எடுத்தபின் நிறம் வெளிறினால், அந்தக் கிளேஸ் அமிலத்தில் கரைகிறது என்று பொருள். அது உணவுக்கு ஆகாது. வெளிறவில்லை என்பதாலேயே அது பாதுகாப்பானது என்றும் ஆகிவிடாது. நச்சு உலோகங்களான ஈயமும் காட்மியமும் கசிகிறதா என்பதை, 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, அந்தத் திரவத்தை ஆய்வகத்தில் அளந்தே சொல்ல முடியும். உணவுப் பாத்திரம் விற்பவர் இந்த அறிக்கையைக் கையில் வைத்திருப்பதே முறை.

மண் இறுகியிருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கிளேஸ் போடாமல் வெந்த 200 கிராம் துண்டைச் சில மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஊறவைத்து, துடைத்து எடை போடுங்கள். 204 கிராம் காட்டினால் அது 2 விழுக்காடு நீரை உறிஞ்சியிருக்கிறது. ஸ்டோன்வேருக்கு ஏற்கத்தக்க அளவு. 210 காட்டினால் அந்த மண் இன்னும் வேக வேண்டும்.

[காட்சி: சூளை திறக்கப்படுகிறது.]

சூளை 100 டிகிரிக்குக் கீழே ஆறியபின்பே கதவைத் திறக்கிறோம். கிண்ணத்தின் அடி வளையத்தைக் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால், அது மேசையைக் கீறாது. வாங்குபவரிடம் ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புகிறோம்: இவ்வளவு நெருப்பைத் தாங்கியது என்பதற்காக இதைக் கேஸ் அடுப்பின்மேல் வைக்காதீர்கள், தீ அடியில் ஒரே இடத்தில் படும்போது, அந்த இடம் மட்டும் விரிந்து பாத்திரம் பிளந்துவிடும்.